மலைக்காற்று திரும்பும் நேரம்

நேற்று வெள்ளிக்கிழமை. மருமகள் சாம்பிராணிக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "அத்தே, தள்ளி உக்காருங்கலா, பொகை ஒங்க மூஞ்சிக்கே வருது" என்றாள். நான் அசையவில்லை. இந்த வயதில் எழுந்து உட்காருவதே பெரிய பயணம், அது போகட்டும். அந்தப் புகை பட்டால் எனக்கு இந்தச் சுங்கை பட்டாணி வீடு மறந்துபோகும். மெர்போக் பக்கம், மலையடியில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் கண்முன் வந்துவிடும்.

ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலம். ரப்பர் பால் வாங்க ஆளில்லை. பால்வெட்டுக் கத்தியை எறவாணத்தில் செருகிவிட்டு மரவள்ளி நட்டோம். ஆனால் பால் வெட்டியவர்களுக்குக் காற்றைத் தெரியும். வெயில் ஏறினால் காற்றும் மலைமேல் ஏறும். வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்ததும் குளிர்ந்து கீழே இறங்கும். சரிவில் கல்லும் மண்ணும் சுட்டால் அதை ஒட்டிய காற்று இலேசாகி எழும்புமாம், குளிர்ந்தால் கனத்துச் சரியுமாம். பிற்பாடு என் மகன் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து எனக்குப் பாடம் நடத்தினான். எங்களுக்கு அன்று காரணம் தேவைப்படவில்லை, உயிர் பிழைத்தால் போதும் என்றிருந்தது.

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து முதலில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அதனால் என் அண்ணனும் இன்னும் சிலரும் மலையில் ஒளிந்தார்கள். அவர்களுக்கு ஒரே சட்டம்: வெயில் சரிவில் இருக்கும்போதே அடுப்பு மூட்ட வேண்டும், புகை மலையேறிப் போய்விடும். பொழுது சாய்ந்தால் ஒரு பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. சோறில்லாமல் இருந்தாலும் பீடியில்லாமல் இருக்காதவன் அண்ணன், அவனே விட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விறகு பொறுக்கும் சாக்கில் நான்தான் கிழங்கு கொண்டுபோவேன்.

அப்பாவின் திதி வந்தது. அம்மா கிழங்கோடு ஒரு துண்டு சாம்பிராணியையும் முடிந்து கொடுத்தாள். "வெளக்கு வைக்கிற நேரத்துல அப்பாவ நெனச்சுப் போடச் சொல்லு" என்றாள். கொடுத்த அம்மாவுக்கும் சரி, வாங்கிய அண்ணனுக்கும் சரி, அதுவும் புகைதான் என்று தோன்றவே இல்லை. எங்களுக்கு அடுப்பில் வருவதுதான் புகை. சாம்பிராணி சாமி காரியம்.

அன்றைக்குப் பார்த்து ஜப்பான்காரன் லாரி வந்தது. பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும் அதே இடத்தில், எல்லோரையும் நிறுத்தினார்கள். ஆம்பிளைகள் எங்கே என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியை விட்டுக் கேட்டார்கள். "தெரியாதுங்க" என்றோம். அடித்தார்கள், அப்போதும் அதையே சொன்னோம். சலித்துப்போய் லாரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. என் பின்கழுத்தில் காற்று சில்லென்று பட்டது. கூடவே அந்த வாசனையும் வந்தது.

அம்மா திரும்பினாள். மலைப் பக்கமாகக் கண்ணை மூடிக் கைகூப்பினாள். சாம்பிராணி மணந்தால் கூப்பியே பழகிய கை, அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டது. நான் பிடித்து இழுப்பதற்குள் அதிகாரி பார்த்துவிட்டான். முதலில் அம்மாவின் கைகளைப் பார்த்தான். பிறகு மலையைப் பார்த்தான்.

இருட்டுவதற்குள் அவர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். அண்ணன் சட்டையெல்லாம் சாம்பிராணி மணம். லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "அம்மாட்ட சொல்லுடி, திதி நல்லபடியா முடிஞ்சிச்சுன்னு" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே போனான், திரும்பி வரவில்லை.

அம்மா அதன்பின் எந்தச் சாமிக்கும் கைகூப்பவில்லை. கோயிலில் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நிற்பாள். ஆனால் பொழுது சாய்ந்தால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் போய்விடுவாள், காற்று திரும்பும்வரை காத்திருப்பாள். "வருதா பாருடி" என்பாள். எனக்குச் சில நாள் அந்த வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனாலும் "இல்லம்மா" என்று சொல்லி அவளை உள்ளே இழுத்துவருவேன்.

போன மாதம் மகன் என்னை அங்கே காரில் கூட்டிப்போனான். லயமும் இல்லை, பெரட்டுக் களமும் இல்லை. மலையடிவரை தாமான் என்று வரிசை வரிசையாகப் புது வீடுகள். பொழுது சாயட்டும் என்று சொல்லி ஒரு சந்தில் நின்றேன். இரண்டு பக்கமும் ஏர்கண்டிஷன் பெட்டிகள் சூடாக ஊதிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து ஒன்றும் இறங்கி வரவில்லை. பக்கத்தில் நின்று கேட்க அம்மாவும் இல்லை. கேட்டிருந்தால் இந்தத் தடவை, "வருதும்மா" என்று சொல்லியிருப்பேன்.