தோளுக்கு ஏறாத வெள்ளி உடை

பெரிய கடை வளாகத்தின் வாசலில் பெண்களின் பைகளைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'எக்ஸ்ரே'. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. பேருந்து ஓட்டுநரான கணவன், அவள் சொல்லாமலே பாத்திரம் கழுவி வைத்தால், எதை உடைத்தான் என்று சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை வந்தது. வளாகத்தில் காஸ்ப்ளே நிகழ்ச்சி. காமிக்ஸ் வீரர்களைப் போல வேடமிட்டு வந்த கூட்டத்தில், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாகத் தைத்த வெள்ளி நிற உடையில் ஒருத்தி வந்தாள். இவள் வயதுதான், ஐம்பதை ஒட்டி இருக்கும். அவள் கையிலிருந்த வாள் ரப்பர்தானா என்று வளைத்துப் பார்த்து உள்ளே விட்டாள் எக்ஸ்ரே. உடை மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அதே மாதிரி தைத்து விற்கும் ஒருத்தியைக் கைபேசியில் தேடிப் பிடித்தாள். அளவுப் பட்டியலில் இவளுக்கு வந்தது டபுள் எக்ஸ்எல். வழக்கமாகப் போடுவதோ லார்ஜ்.

"வேணும்னே ஏத்திப் போட்டிருக்கா," என்றாள் கணவனிடம்.

"டேப்பை வச்சு அளந்துதானே பார்த்தே?"

"டேப் மட்டும் யோக்கியமா? பழசு. இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்."

"நீண்டிருந்தா, நீ அதுல காட்டுறதை விடப் பெருசுன்னு அர்த்தம்."

அவள் முறைத்த முறைப்பில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அதற்குள் விற்பவளிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, தோள்ல டேப்பை வச்சு, காலிடுக்கு வழியா பின்பக்கம் கொண்டுபோய், மறுபடி அதே தோளுக்குக் கொண்டு வாங்க. அந்தச் சுத்தளவு வேணும்.'

எக்ஸ்ரேவுக்கு முகம் சிவந்துவிட்டது. எந்தப் பொம்பளை இப்படி ஒரு அளவு கேட்பாள்? முகப்புப் படத்தில் ஆளும் இல்லை, வெறும் தையல் மெஷின். எவனோ ஒருத்தன்தான் என்று முடிவு கட்டி, 'லார்ஜ் அனுப்புங்க. போதும்' என்று மட்டும் பதில் போட்டாள்.

பார்சல் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இழுபடும் துணி என்பதால் இடுப்பில் எப்படியோ ஏறிவிட்டது. தோளுக்குத்தான் வருவேனா என்றது. தோளை ஏற்றினால் கீழே வெட்டியது.

"சரியா இருக்கா?" என்று வெளியிலிருந்து கேட்டான் கணவன்.

"குனிஞ்சு நின்னா சரியா இருக்கு."

அந்த உடைக்கு மேலேயே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, குனிந்த வாக்கில் விற்பவளுக்கு வீடியோவில் அழைப்புப் போட்டாள். "முதல்ல முகத்தைக் காட்டுங்க."

பெண்தான். உதட்டோரம் குண்டூசி, கழுத்தில் டேப்.

"அறையைச் சுத்திக் காட்டுங்க."

அதையும் காட்டினாள். பாதி தைத்த இறக்கைகள். மேஜைக்கடியில், தலைக்கவசத்துக்குள் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரே துணியா வர்ற உடைக்கு அந்தச் சுத்தளவுதான் உசிரு. அது குறைஞ்சா நிமிரவே முடியாது. உங்களுக்கு உடம்பு நீளம், கால் கட்டை."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப நீங்க நிக்கிற நிலையே சொல்லுதே. அதைத் திருப்பி அனுப்புங்க, மாத்தித் தரேன்."

இவ்வளவு நல்லவளாக இருக்க இவளுக்கு என்ன தேவை என்று அன்று மாலை முழுக்க யோசித்தாள். இருந்தாலும் கணவனைத் தோளில் டேப்பைப் பிடிக்கச் சொன்னாள். அவன் எண்ணைப் படித்தான். நம்பாமல் திரும்பத் திரும்பப் படிக்கவைத்து, பிறகுதான் அளவையும் உடையையும் அனுப்பினாள்.

டபுள் எக்ஸ்எல் வந்தது. கையைத் தூக்கினாள், உட்கார்ந்தாள், குனிந்து எழுந்தாள். எங்கும் இறுக்கிப் பிடிக்கவில்லை. அதுவே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தாள்.

நகரின் மறுகோடியில் வேறொரு அரங்கில் நடந்த காஸ்ப்ளே நிகழ்ச்சிக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாள். யாரோ ஓர் இளம்பெண் எதிரே வந்து நின்றாள்.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா ஆன்ட்டி?"

"எதுக்கு?"

"சும்மாதான். உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கு."

எக்ஸ்ரே அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி நின்றாள்.

"எடு. எடுத்ததும் என்கிட்ட காட்டணும்."