பாவாடைக் கரை

மாமி மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. நாள் தவறாமல் விளக்கேற்றிக் கும்பிடுகிற எனக்கு அது அழகில்லைதான். அம்மன் பொறுத்துக்கொள்ளட்டும்.

அப்போது நாங்கள் டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊரில் இருந்தோம். அம்மன் கோயில் தேருக்கு வாங்கிய பட்டுப்பாவாடை எனக்கு நீளம். முதியோர் இல்லத்தில் வேலை செய்த அம்மாவுக்கு அந்தக் கிழமை ஓய்வே இல்லை. கீழ்வீட்டில் டெனிஷ்காரர் ஒருவரைக் கட்டியிருந்த ஜப்பானியப் பெண், தானே கேட்டு வாங்கிக் கையாலேயே கரை மடித்துத் தந்தார்.

என்னைக் கதிரையில் ஏற்றிக் குண்டூசி குத்தும்போது, உடுப்பின் கீழ்க்கரைக்குத் தங்கள் மொழியில் 'சூசோ' என்று பெயர் என்றார். மலையடிவாரமும் சூசோதானாம். பிடரியில் இறங்கும் முடியும் அதுவேயாம். அது எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டேன். 'கடைசி', 'உடுப்பு' என்னும் இரண்டு பழைய சொற்கள் ஒட்டிப் பிறந்தது என்று சிலர் சொல்வார்களாம். தனக்கு நிச்சயமில்லை என்று தோளைக் குலுக்கினார். பிறகு என் பிடரி முடியைப் பிடித்து, "இந்தச் சூசோவையும் மடிச்சுத் தைக்கட்டோ?" என்று டெனிஷில் கேட்டார். சிரித்த சிரிப்பில் கதிரையிலிருந்து விழப்பார்த்தேன்.

தேருக்கு முதல் நாள் அப்பாவின் தமக்கையான மாமி ஓல்போர்க்கிலிருந்து வந்தார். பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் ஒரு தையல்கூடத் தெரியவில்லை.

"ஆர் தைச்சது?"

அம்மா சொன்னார்.

"மாடு தின்னுற கையாலயோ? இதை உடுத்தியோ பிள்ளையை அம்மன்ர வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போப்போறீர்?"

"மாமி, நீங்கள் பன்றி வெட்டுற ஃபேக்டரியிலதானே வேலை!" என்று டெனிஷில் கத்தினேன்.

"அது வயித்துப்பாடு. இது சாமி காரியம். உம்மட பிள்ளைக்கு வாய் நீளம்."

அம்மா என்னைத்தான் முறைத்தார். "விடுங்கோ மச்சாள், பிரிச்சுப்போட்டு நானே அடிக்கிறன்" என்றார். அந்த நுணுக்கமான தையல் முழுவதும் பிளேடால் அறுந்தது. மெஷினில் அம்மா அடித்த வேறு நிற நூல், கரை முழுக்கப் பல்லிளித்தது. நான் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் தேர் பார்க்கக் கீழ்வீட்டு ஜப்பானியப் பெண்ணும் வந்திருந்தார். என் முன்னால் குந்தி, பாவாடைக் கரையை விரல்களுக்கிடையே பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தேரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கரையை நீவிவிட்டு, "வடிவான சூசோ" என்று சிரித்தார்.

இப்படியும் ஏமாறுகிற மனுசியா என்று எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. தைத்த கைக்குத் தன் தையல் தெரியாமல் போகுமா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.