எங்கள் மாட்டுக்கு ரத்தம் ஏற்றிய நாள்

மூன்று வருடங்களுக்கு முந்திய ஓர் ஆடி மாதம். அலங்காநல்லூரிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்தில், என் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

அவர் காளவாசலில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறார். காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டையும் எங்களுடைய ஒரே கலப்பினப் பசுவையும் பார்த்துக்கொள்வது நான்தான். வெள்ளிக்கிழமைதோறும் அதன் பாலில் ஒரு சொம்பு அம்மன் கோயில் அபிஷேகத்துக்குப் போகும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

அந்த வாரம் மாடு இரண்டு நாளாகத் தீவனம் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அது மூத்திரம் பெய்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. உடனே கால்நடை டாக்டருக்கு போன் செய்தேன்.

டாக்டர் ஒரு இளம்பெண். எங்கள் பக்கம் மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவனியாபுரத்தில் வளர்ந்தவர் என்பது மட்டும் தெரியும். வந்த நாளிலிருந்து என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். மாட்டைக்கூட அதட்ட மாட்டார். "நல்ல குடும்பத்துப் பிள்ளை, பாத்தாலே தெரியுது" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். மாட்டின் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். உள்ளே கொஞ்சம்கூடச் சிவப்பு இல்லை, வெளுத்துப் போயிருந்தது. காதுக்குப் பின்னால் கொத்துக் கொத்தாக உண்ணி.

"போன மாசமே மருந்து தேய்க்கச் சொன்னேனேக்கா" என்றார். நான்தான் மறந்திருந்தேன்.

உண்ணிக் காய்ச்சல். ஊசி போட்டார். ஆனால் மருந்து வேலை செய்யும் வரைக்கும் மாடு தாங்காது, வேறு மாட்டின் ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்றார். மாட்டுக்கு ரத்தம் ஏற்றுவார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மனிதர்களுக்கு மாதிரி குரூப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"மாட்டுக்கு குரூப் நம்மளைவிட நெறைய இருக்குக்கா. ஆனா முதல் தடவை ஏத்துறப்ப பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. ரெண்டாவது தடவைதான் ஆபத்து. இப்போதைக்கு நோய் இல்லாத திடமான மாடா ஒண்ணு கெடைச்சாப் போதும்."

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் மாடு உண்டு. ஓடினேன். ஒரு வீட்டில் மாடு சினை என்றார்கள். இன்னொரு வீட்டில் பால் வற்றிவிடும் என்றார்கள். மூன்றாவது வீடு என் கொழுந்தனுடையது. "மாடு மெரண்டுரும் அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெறுங்கையோடு நான் திரும்பி வந்தபோது, டாக்டர் போன் பேசி முடித்திருந்தார்.

"வாய்க்கால் தெருவுல ஒரு நல்ல மாடு இருக்குக்கா. தடுப்பூசி எல்லாம் நான்தான் போட்டேன். ஓட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டாங்க."

வாய்க்கால் தெருவில் இருப்பவர்கள் ஒரு காலத்தில் எங்கள் வயல்களில் கூலிக்கு வேலை பார்த்த குடும்பத்தினர். இன்றைக்குச் சொந்த நிலம், மாடு, படித்த பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஆனாலும் அவர்கள் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. நாங்கள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை.

நான் டாக்டர் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "அந்தத் தெரு மாடா டாக்டரம்மா? வேற எங்கயும் கெடைக்காதா? சாமிக்குப் பால் குடுக்குற மாடு இது... அந்த ரத்தம் இதுக்குள்ள போனா..."

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து பெட்டியில் எதையோ தேட ஆரம்பித்தார். "நேரம் இல்லைக்கா" என்றார். அவ்வளவுதான்.

சிறிது நேரத்தில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "உள்ள வாங்க" என்று டாக்டர்தான் கூப்பிட்டார். வேப்பமரத்தில் மாட்டைக் கட்டியதும், டாக்டர் அதன் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். பையில் ரத்தம் இறங்கத் தொடங்கியது. வந்தவர் தன் மாட்டின் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ரெண்டு நாளைக்குப் பால் கொறையும், அம்புட்டுத்தான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

உள்ளே போய் டீ போட்டேன். டாக்டருக்கு எவர்சில்வர் டம்ளர். அவருக்கு, எப்போதோ விசேஷத்துக்கு வாங்கி மிச்சமிருந்த பேப்பர் கப். யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை அதுவாகவே இரண்டையும் எடுத்தது.

தட்டோடு வாசலுக்கு வந்தேன். டாக்டர் மாட்டின் கழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சித்தப்பா, கயித்தைக் கொஞ்சம் தளத்துங்க."

"உங்க... சித்தப்பாவா?"

"ஆமாக்கா. எங்க அப்பா கூடப் பொறந்தவர்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். தட்டைப் பார்த்தார். அதில் இருந்த டம்ளரையும் பேப்பர் கப்பையும் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டார். "சித்தப்பா, டீ எடுத்துக்கங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு வேணாம்த்தா. இப்பத்தான் கடையில குடிச்சேன்."

அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என்னைத் திட்டியிருக்கலாம். பெட்டியை மூடிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. டாக்டர் அந்த ரத்தத்தை எங்கள் மாட்டுக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். மாடு நடுங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். அவர் சித்தப்பா எங்கள் மாட்டின் தலையைத் தன் மடியில் தாங்கியபடி வெயிலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் மாடு தானாகத் தலையைத் தூக்கி ஒரு வாய் புல்லைக் கடித்தபோது, என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

கிளம்பும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "காலையில வாரேன்க்கா. உண்ணி மருந்தை மட்டும் மறந்துறாதீங்க" என்று டாக்டர் முந்திக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, ஒரு பை பருத்திக்கொட்டையோடு வாய்க்கால் தெருவில் டாக்டரின் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி கொண்டுவந்த மோரை வாங்கிக் குடித்தேன். ஊரில் எல்லோரையும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். அவரை அப்படிக் கூப்பிட வாயெடுத்தேன். "இந்தாங்க, உங்க மாட்டுக்கு" என்றுதான் வந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா? மாடு நல்லா இருக்குல்ல, அது போதும்" என்றார். வேறு எதுவும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மாடு நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு கன்றும் ஈன்றுவிட்டது. டாக்டர் இன்றைக்கும் தடுப்பூசி போட வருகிறார், 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். அவர் அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அதற்கு நான் தகுதியானவள்தானா என்று மனசு குத்துகிறது. ஊர் பேர் தெரியாத உங்களிடம் இதை எழுதிவிட முடிகிறது. நான்கு தெரு தள்ளி இருக்கும் அந்த மனிதரிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை.