வெள்ளிக்கிழமை உபவாசம்

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் சபைப் பெண்கள் ஆறேழு பேர் வீட்டுக்கு வீடு முறைவைத்து ஜெபக் கூட்டம் நடத்துவோம். அம்பத்தூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த அறுபதுகளின் கடைசி. முறைப் பட்டியல் என் கையில் இருந்தது. ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரி டீயும் பலகாரமும் தருவாள். ஜெபத்தைவிட வடையைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம்.

திருமுல்லைவாயில் சேரியிலிருந்து ஒருத்தி புதிதாக ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்தாள். சித்தாள் வேலை. மேஸ்திரியிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமை மட்டும் அரை நாளில் வந்துவிடுவாள்.

"எங்க ஊட்டுக்கு எப்பக்கா வருவீங்க?" என்று வாராவாரம் கேட்பாள்.

"உன் வீட்ல இத்தன பேர் உக்கார எடம் பத்தாதேம்மா" என்று தட்டிக்கழிப்பேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே மதம் மாறியது. சாதி மட்டும் மாறவில்லை. ஆனாலும் கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று கூட்டத்தில் வாய் கிழியப் பேசுகிறவள் நான்தான்.

ஆறு மாதம் இழுத்தடித்த பிறகு, வேறு வழியில்லாமல் அவளுக்கு முறை கொடுத்தேன். அன்று சாணம் மெழுகி, பாய் இரவல் வாங்கி விரித்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் கேசரியும், எவர்சில்வர் தம்ளர்களில் டீயும் வந்தன. தம்ளர்களில் கடைக்காரன் ஒட்டிய காகிதம்கூட இன்னும் உரியவில்லை.

"புதுசுக்கா. இன்னும் யாரும் வாய் வெக்கல" என்றாள்.

அதை ஏன் சொல்கிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் ஒருத்தியும் கை நீட்டவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமென் சொன்ன அதே வாயால் பொய் சொன்னேன்.

"இன்னிலேருந்து வெள்ளிக்கெழமைல நாங்க உபவாசம்மா. எம் பொண்ணுக்கு நல்ல எடம் அமையணும்னு."

"ஐயோ, தெரியாம பண்ணிட்டேனேக்கா!" என்று அவள் பதறித் தட்டுகளை உள்ளே எடுத்துப் போனாள். கேசரியில் நிறைய முந்திரி போட்டிருந்தாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அடுத்த வாரத்திலிருந்து கூட்டத்தில் டீயையும் பலகாரத்தையும் நிறுத்தினோம். அவள் தெருமுனை தாண்டியதும் எடுத்துத் தின்றோம். அதிலும் சிரித்துக்கொண்டே தின்றோம். எழுதும்போதே முகம் சுடுகிறது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. திருமுல்லைவாயில்காரி எனக்கு முன்னாலேயே கோயிலுக்கு வந்து நின்றாள். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு நானே சோறு போட்டேன். இலையைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு.

"வெள்ளிக்கெழமைல சோறு துன்னு ஒரு வருசம் ஆச்சுக்கா" என்றாள். "நீங்க சொன்ன அன்னிலேருந்து நானும் பாப்பாவுக்காகப் பட்டினி கெடந்தேன். கல்லு தூக்குறப்ப கொஞ்சம் தல சுத்தும், அவ்ளோதான். கர்த்தர் கேட்டுட்டாரு பாத்தீங்களா?"

கரண்டியோடு நின்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்றுதான் கேட்டேன்.