தவக்காலத்தில் கச்சை கட்டிய கிடா

லியோனார்ட் ஆட்டுப் பண்ணை வைத்த கதையை ஆடு மேய்க்கிறவனிடம் சொன்னால் சிரிப்பான். ஆட்டைத் தெரியாதவனிடம் சொன்னால் கை தட்டுவான். சாந்தோமில் கை தட்டியவர்களே அதிகம். அதுதான் அந்த மனிதரைக் கெடுத்தது.

அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பட்லர். மகன் அதற்கு ஒரு படி மேலே ஏறி, தோலும் ஆட்டு ரோமமும் கப்பலேற்றும் கம்பெனி ஒன்றில் கிடங்குக் குமாஸ்தாவானார். முப்பது வருஷம் மூட்டைகளுக்கு நடுவே வாழ்ந்தார். ஒரு சிட்டிகை ரோமத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். அந்த ரோமம் முளைத்த ஆட்டை மட்டும் உயிரோடு பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் பார்த்ததுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கம்பெனித் துரை ஒரு தக்கைத் தொப்பியும், தாம் வேட்டைக்குக் கொண்டுபோகும் மடக்குக் கட்டிலும் கொடுத்தார். மறுநாள் காலை அந்தத் தொப்பியோடு பால் வாங்கப் போனவர் லியோனார்ட். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகும்போது தவிர அதைக் கழற்றவில்லை. தொப்பி தலையில் ஏறியதும், அதற்கு ஏற்ற உத்தியோகம் ஒன்று வேண்டியிருந்தது. யுத்தகாலம். பட்டாளத்துக்குக் கம்பளி போதவில்லை என்று பத்திரிகையில் படித்தார். அவ்வளவுதான், அடையாற்றங்கரையில் ஆட்டுப் பண்ணை பிறந்துவிட்டது.

இடம் அவருடையதல்ல. மயிலாப்பூர் வக்கீல் கஸ்தூரிரங்கனுடைய சவுக்குத் தோப்பு. ஆடு லியோனார்டுடையது, தோப்பு வக்கீலுடையது, பிறக்கிற குட்டியில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆடுகள் ஒரு டஜன் வந்தன. கம்பளிக்கு அந்த ஜாதிதான். பெங்களூரில் பண்ணையைக் கலைத்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பொலிகிடா ஒன்று வந்தது. மூட்டை மாதிரி ரோமம், சுருண்ட கொம்பு. லியோனார்ட் அதற்கு ‘டியூக்’ என்று பெயர் வைத்தார். அதோடு பேசுவதென்றால் இங்கிலீஷில்தான் பேசுவார். சென்னை வெயிலில் கம்பளி போர்த்த டியூக்கும், அதே வெயிலில் கோட்டுப் போட்ட லியோனார்டும் எதிரெதிரே நின்று மூச்சிரைப்பது பார்க்க நல்ல பொருத்தமாக இருக்கும்.

முதல் வருஷம் பிறந்த நாலு குட்டிகளும் ஐப்பசி மழையில் நனைந்து செத்தன. கொட்டகைக்குக் கூரை போடுவதற்கு முன்னால் வாசலில் பெயர்ப்பலகை போட்டவர் அவர். வக்கீல் அடுத்த தைமாதம் தோப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுச் சொன்னார்:

“இதோ பாரும், லியோனார்ட். அபிராமபுரம் பக்கமெல்லாம் மனை போட்டுண்டிருக்கா. நான் இங்கே ஆட்டுப் புழுக்கையை வச்சுண்டு என்ன பண்றது? நவராத்திரிக்கு முன்னால கம்பளிக் குட்டி கண்ணால பார்க்கணும். பார்த்தேனானா தோப்பு உம்மதாவே இருக்கட்டும். இல்லேன்னா சங்கிலி பிடிச்சு அளந்துடுவேன்.”

“குட்டியா சார்? பண்ணை நிறையக் காட்டுறேன்,” என்றார் லியோனார்ட், தொப்பியைத் தொட்டு.

நவராத்திரிக்கு முன் குட்டி வேண்டுமானால் மாசி பங்குனியில் கிடா சேர்ந்தாக வேண்டும். இது ஊர்நாட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும். வேல நெற்று உதிர்கிற காலம் அது. அதைத் தின்று கொழுத்த பெட்டைகள் தாமே பருவத்துக்கு வந்து வாலாட்டிக்கொண்டு கிடாவைத் தேடும். சித்திரை வெயில் ஏறிவிட்டால் கம்பளிக் கிடா பெட்டையைத் தேடாது, நிழலைத்தான் தேடும்.

பெட்டைகள் சரியாகப் பருவத்துக்கு வந்தன. அதே வாரத்தில், நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும் வந்தது. லியோனார்ட் என்ன செய்தார் தெரியுமா? துரை கொடுத்த மடக்குக் கட்டிலின் கான்வாஸைக் கிழித்து, டியூக்கின் வயிற்றுக்குக் கீழே அகலமாகத் தொங்கும்படி கச்சை கட்டிவிட்டார். துரை பெயரின் இரண்டு எழுத்தும் ஒரு கரடித் தலையும் அந்தக் கான்வாஸில் அச்சாகி இருந்தன. இடையர்களும் கிடாவுக்குக் கச்சை கட்டுவதுண்டு. காலமில்லாத காலத்தில் சேர்ந்து குட்டிகள் கோடையில் பிறந்து சாகாமலிருக்கக் கட்டுவார்கள். பருவம் கூடி வந்த நேரம் பார்த்துக் கட்டிய மேய்ப்பன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் கஞ்சித் தூக்கோடு தோப்புக்கு வந்தவள், டியூக்கைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“இன்னாங்க இது, ஆட்டுக்குப் பாவாடை?”

“தவக்காலம், ஃப்ளோரன்ஸ். கோயில்ல கல்யாணமே வெக்கிறதில்லை. நம்ப பண்ணையில மட்டும்...” அவர் முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “ஒரு டீசன்ஸி வாணாமா?” என்றார்.

“நவராத்திரிக்குக் குட்டி வோணும்னு வக்கீல் சொன்னாரே, அது இன்னாத்துக்கு ஆவும்?”

“பாஸ்குத் திருநாள் முடிஞ்சதும் அவுத்து வுட்டுடலாம்.”

“பாஸ்கு இந்த வருஷம் ஏப்ரல் கடைசிலே கீது! அதுக்குள்ள அதுங்க கெழவி ஆய்டும்.”

பக்தி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். விஷயம் வேறு. போன தவக்காலத்தில் கோயில் பள்ளிக்கூடத்து டோரதி டீச்சர் மாதா சபைப் பெண்களை அழைத்துக்கொண்டு பண்ணை பார்க்க வந்திருந்தாள். லியோனார்ட் கையில் கோலும் தலையில் தொப்பியுமாக நின்று, நல்ல மேய்ப்பனைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் டியூக் தன் கடமையைச் செய்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளினார்கள். டோரதி டீச்சர் குடையை முகத்துக்கு நேரே விரித்தாள்; குடை குலுங்கியது. அந்தக் குடையின் குலுங்கல் லியோனார்டின் நெஞ்சில் வருஷம் முழுக்கக் குலுங்கிக்கொண்டே இருந்தது. சோறு போகும், தோப்பு போகும் என்றாலும் அவருக்குப் பயமில்லை. மாதா சபை சிரிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய தவம்.

ஃப்ளோரன்ஸ் பங்குச் சாமியாரிடமே போய் முறையிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “கிடாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யாரம்மா? போய் அவுத்து விடச் சொல்லு,” என்றார்.

“சாமியாருக்கு இன்னா? அவருக்கு ஆடா கீது?” என்றார் லியோனார்ட். கச்சையை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

பெட்டைகளுக்கு ஞானஸ்நானமும் இல்லை, மாதா சபையும் இல்லை. அவை கத்தின. காலையில் கத்தின, மாலையில் கத்தின. அந்தச் சத்தம் ஆற்றோரக் குப்பத்து வரைக்கும் போயிற்று. குப்பத்தில் எல்லையம்மனுக்கு நேர்ந்துவிட்ட செங்கிடா ஒன்று இருந்தது. நெற்றியில் ரூபாய் அளவு வெள்ளைச் சுட்டி, கழுத்தில் மணி. அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. எந்தக் கடையில் வாய் வைத்தாலும் கடைக்காரன் கன்னத்தில் போட்டுக்கொள்வான். அது சத்தம் வந்த திசையை விசாரித்துக்கொண்டு வேலிக்கு வந்தது. வேலி என்று லியோனார்ட் கட்டியிருந்ததை அது வேலியாகவே மதிக்கவில்லை.

“கோதண்டபாணி! அடிச்சுத் தொரத்து!” என்று கத்தினார் லியோனார்ட்.

மேய்க்கிற ஆள் கோதண்டபாணி கோலைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். “சாமி கிடா தொரை. கை வெச்சா கண்ணு பூடும். நீ வேணா அடிச்சிக்கோ.”

லியோனார்ட் ஓரடி எடுத்து வைத்தார். செங்கிடா தலையைத் தாழ்த்தியது. அவர் அந்த ஓரடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“இருக்கட்டும், புல்லு தின்னுட்டுப் போவும்,” என்றார்.

“புல்லு துன்றதுக்கா தொரை வந்துக்கினு கீது?” கோதண்டபாணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஒன் கிடா கச்சைய அவுத்து வுடு தொரை. டூக்கு முட்டித் தள்ளிடும். இல்லாங்காட்டி ஊட்டுக்காரன் பட்டினி, வழிப்போக்கனுக்கு விருந்துன்னு ஆய்டும்.”

“வாயை மூடு. இதுங்க ஜாதி ஆடு. தெருக்கிடாவைத் திரும்பிக்கூடப் பாக்காது.”

இதை அவர் மனதார நம்பினார். கிடங்கில் முதல் தர மூட்டையும் மூன்றாம் தர மூட்டையும் ஒன்றையொன்று தொட்டதில்லை. தனித்தனி அடுக்கில் முப்பது வருஷம் ஒழுங்காக இருந்தன. ஆடும் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் படிப்பு. தினமும் சாயங்காலம் தொப்பியை எடுத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குச் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போனார். அவர் முதுகு மறைந்ததும் மணிச்சத்தம் தோப்புக்குள் நுழையும். மூலையில் துரையின் இரண்டு எழுத்தைச் சுமந்துகொண்டு டியூக் நிற்கும்.

பாஸ்கு வந்தது; உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே தோப்புக்கு வந்து கச்சையை அவிழ்த்தார். “கோ, மை பாய்!” என்றார். டியூக் நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. நாக்கு ஒரு முழம் வெளியே தொங்கியது. கோதண்டபாணி ஒரு பெட்டையை இழுத்து வந்து பக்கத்தில் விட்டான். பெட்டை மோந்துகூடப் பார்க்காமல் விலகிப் போனது.

“பார்த்தியா என்ன அடக்கம்!” என்று ஃப்ளோரன்ஸிடம் பூரித்தார் லியோனார்ட்.

“அடக்கமா? அதுக்கு வேண்டியது எப்பவோ கெடைச்சு அடங்கிப் போச்சு,” என்றாள் அவள்.

ஆனியில் பெட்டைகளுக்கு வயிறு தெரிந்தது. லியோனார்ட் சாந்தோம் முழுவதும் சொல்லிவிட்டார். குட்டிகளுக்குப் பெயர்கூட யோசித்து வைத்தார். எல்லாம் ராஜவம்சத்துப் பெயர்கள். ஆவணி நடுவில், அவர் எதிர்பார்த்ததற்கு ஒரு மாதம் முன்னாலேயே, தோப்பில் குட்டிகள் விழுந்தன. நல்ல திடமான குட்டிகள், துள்ளிக் குதித்தன. எல்லாம் சிவப்பு. கையை வைத்தால் வழுக்கியது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு வெள்ளைச் சுட்டி.

லியோனார்ட் ஒரு குட்டியை மடியில் போட்டு, இரண்டு விரலால் அதன் ரோமத்தை உருட்டிப் பார்த்தார். முப்பது வருஷ விரல்கள் பொய் சொல்லவில்லை. அது எந்தத் தரத்திலும் சேராத தரம். மறுபடி உருட்டினார். பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, “வளர வளர வரும்,” என்று தமக்குத் தாமே சொன்னார்.

வக்கீல் வந்த அன்று காரில் அவரோடு நிலம் அளக்கிற சங்கிலிக்காரன் ஒருவனும் வந்திருந்தான். கஸ்தூரிரங்கன் குனிந்து ஒரு குட்டியைத் தடவினார்.

“என்ன ஓய் இது, எங்காத்துப் பூனை இதைவிடப் புஸுபுஸுன்னு இருக்குமே. கம்பளி எங்கே?”

“கம்பளி பின்னால வளரும் சார். சீமை ரத்தம். கொஞ்சம் லேட்டா...”

மணிச்சத்தம் கேட்டது. செங்கிடா தன் வீட்டுக்கு வருகிற மாதிரி வேலியைத் தாண்டி வந்து, வக்கீலுக்கும் லியோனார்டுக்கும் நடுவே நின்று, நிதானமாக அசைபோட்டது. வக்கீல் அதன் நெற்றியைப் பார்த்தார். தாம் தடவிய குட்டியின் நெற்றியைப் பார்த்தார். மற்றக் குட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நேர்ந்துவிட்ட கிடா என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

“அப்பனே நேர்ல வந்து சாட்சி சொல்லிட்டானே! இதுக்கு மேல குறுக்கு விசாரணை எதுக்கு?” சங்கிலிக்காரனைப் பார்த்துத் தலையசைத்தார். “அந்த மூலையிலேர்ந்து பிடிப்பா.”

ஐப்பசி மழைக்கு முன்னால் தோப்பு மனைகளாகிவிட்டது. ஆடுகள் சந்தைக்குப் போயின. டியூக்கை வாங்கியவன் ரோமத்துக்குத் தனியாக ஒன்றும் தரமாட்டேன், கத்தரிக்கிற கூலிக்கே காணாது என்றான். லியோனார்டும் ஃப்ளோரன்ஸும் சாந்தோமில் ஒண்டுக்குடித்தனத்துக்குத் திரும்பினார்கள். கச்சையை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. துரை பெயர் இருக்கிறதே.

அடுத்த விபூதிப் புதனன்று கோயில் வாசலில் டோரதி டீச்சர் மரியாதைக்கு, “பண்ணை எடுத்துட்டீங்களாமே, வருத்தமா இருந்துச்சு,” என்றாள்.

லியோனார்ட் கக்கத்திலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “போனா போவுது டீச்சர். ஆனா ஒண்ணு. எங்க டியூக் நாப்பது நாளும் ஒரு பெட்டையைத் தொட்டதில்லை. கடைசி வரைக்கும் கண்ணியமா வாழ்ந்த ஆடு.”

டீச்சர் அவசரமாகக் குடையை விரித்தாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

“வாங்க போலாம்,” என்று ஃப்ளோரன்ஸ் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “மார்கழிக்குப் போத்திக்க அந்தக் கண்ணியத்துல ஒரு கம்பளி நெய்ஞ்சு வெச்சிருக்கலாம்.”