உள்பக்கத்து இரண்டு டயர்கள்

அத்தானின் மோட்டார்ஹோம் எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்தபோது டயர்களில் சந்தனம் இன்னும் காயவில்லை. கோயிலில் பூஜை போட்டுவிட்டு நேராக ஆக்லாந்தில் எங்கள் கடை இருக்கும் மங்கரேக்கு ஓட்டி வந்திருந்தார். முன்னால் இரண்டிலும், பின்னால் வெளியே தெரிந்த இரண்டிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். போதாததற்கு முந்தின நாள் உட்கார்ந்து கறுப்பு பாலிஷ் வேறு போட்டிருந்தார். டயர் கடையில் வேலை பார்க்கிறவனுக்குப் பளபளக்கிற பழைய டயரைக் கண்டால் எதை மறைக்கிறது என்ற சந்தேகம்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனாலும் சிரித்தபடிதான் வெளியே வந்தேன், ஏனென்றால் அத்தான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிறது. என்னை இந்த ஊருக்குப் படிக்கக் கூட்டி வந்தவர், இரண்டு வருஷம் பிளாட் புஷ்ஷில் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் கிடையாது. ஊரில் அவர் வருகிறார் என்றால் அப்பாவே லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொள்வார். நான் மெக்கானிக்கல் படித்தவன். படிப்பு முடிந்ததும் இந்த டயர் கடையில்தான் வேலை கிடைத்தது. அப்பா அதை "ஆட்டோமொபைல் கம்பெனி" என்று ஊரில் சொல்லிக்கொண்டார். நிரந்தர விசாவுக்கு நான் போட்டிருந்த விண்ணப்பமும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

வண்டியை அவர் புக்கெகோஹி பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியிடம் வாங்கியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குட்டிக் குளியலறை எல்லாம் உண்டு. ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றி வைத்த மாதிரி. கிழவருக்குக் கண் மங்கியதிலிருந்து அது கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. அதனால் அதிகம் ஓடவில்லை, அதனால் டயரும் தேயவில்லை. அத்தான் பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து டயரின் பட்டனுக்குள், தரையில் பதியும் அந்தக் கட்டைகளுக்கு இடையிலான பள்ளத்தில், செருகிக் காட்டினார். பாதிக்கு மேல் உள்ளே போனது.

"பாத்தியா மச்சான், பட்டன் அப்படியே இருக்கு. உங்க அக்கா நச்சரிக்கிறான்னுதான் மாத்துறேன்."

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களிடம் இது ஒரு வியாதி. பதினோரு வகை டயரை வரிசையாகப் போட்டு, யார் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், எது சத்தமில்லாமல் ஓடும், எது மழையில் பிடிக்கும் என்றெல்லாம் கட்டம் கட்டியிருந்தார். அவருக்குப் பிடித்திருந்தது காருக்குப் போடுகிற ஒரு டயர். அளவு சரியாகத்தான் இருந்தது. அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்குகிற பாரம் வேறு, வீட்டைச் சுமக்கிற வண்டிக்கு ஓரம் தடித்த, அதற்கென்றே செய்த டயர்தான் வேண்டும் என்று விளக்கினேன். அந்த ஒரு கட்டம் தன் தாளில் விட்டுப்போனதே என்று அவருக்கு வருத்தம். பேனாவை வாங்கி அங்கேயே அதையும் சேர்த்தார்.

பிறகு முன்சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு டயரின் ஓரத்திலும் அது செய்யப்பட்ட வாரமும் வருஷமும் நான்கு எண்களாகப் பதிந்திருக்கும். இந்த டயரில் அந்த எண்கள் சரியாகச் சந்தனத்துக்கு அடியில் மாட்டியிருந்தன. கட்டைவிரலால் துடைத்தேன். அத்தானின் முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்தேன். டயருக்குப் பதினோரு வயது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். அதுவும் இந்த மாதிரி வண்டியில், கொட்டகையில் சும்மா நின்ற நாளிலும் டயர் அத்தனை பாரத்தையும் ஒரே பக்கமாகத் தாங்கிக்கொண்டுதான் நின்றிருக்கும். "பழசு அத்தான், ஆறையும் மாத்திடுவோம்" என்றேன். பின்பக்கம் ஒவ்வொரு புறமும் இரண்டிரண்டாகச் சக்கரம் உள்ள வண்டி அது. வெளியே ஒன்று, அதற்கு உள்ளே கண்ணில் படாமல் இன்னொன்று. சரி என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பார்த்தால் அந்த வகையில் நான்குதான் இருந்தது. மற்ற இரண்டு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அத்தானுக்குப் போன் செய்தேன்.

"பத்து நாளா? வெள்ளிக்கிழமை கிளம்புறோம்டா. உங்க அக்காவுக்கு லீவு இந்த வாரம் மட்டும்தான். அந்த ரெண்டு ஓடாதா?"

அக்கா நர்ஸ். வந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி வார்டில் நின்றே காலம் தள்ளியவள். இந்த நாட்டில் ஆக்லாந்தைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் மூன்று நாள் உட்காரப் போகிறேன், யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். இதெல்லாம் என் மனதில் ஓடியது. ஓடாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான், எனக்குத் தெரியும்.

"ஓடும் அத்தான்" என்றேன்.

நான்கு புதிய டயரில் இரண்டை முன்னால் போட்டேன், ஸ்டியரிங் இருக்கிற பக்கம் அல்லவா. மிச்சம் இரண்டைப் பின்னால் வெளிப்பக்கம். உள்பக்கத்து இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் நிலவரம் தெரிந்தது. வெளி டயருக்கு மறைந்திருந்த ஓரத்தில், பாலிஷ் எட்டாத இடத்தில், சுற்றிலும் பொடிப்பொடியாக வெடிப்பு. ஒரு வெடிப்பில் என் நகம் இறங்கியது. அப்போது கூட இன்னொரு போன் செய்திருக்கலாம். நேற்று ஓடும் என்றவன் இன்று ஓடாது என்றால் மாப்பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தேன். ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பது தாங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டையும் துடைத்துத் திரும்ப மாட்டினேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றாமல் விட்ட டயர் சரியில்லை என்றால் வேலைத்தாளில் எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதினேன். உள்பக்கத்து டயர்கள் இரண்டும் வெடிப்பு விட்டிருக்கின்றன, அவற்றை மாற்றும்வரை நெடுந்தூரம் போக வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்பட்டது என்று சுத்தமான ஆங்கிலத்தில் எழுதினேன். சொல்லிவிட்டு எழுத வேண்டியதைச் சொல்லும் முன்பே எழுதிவிட்டேன், கையெழுத்துப் போட வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று. அத்தான் மாலையில் வந்தார். புது டயர்களைத் தட்டிப் பார்த்தார். தாளை நீட்டினேன். வண்டியின் மூக்கில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாருங்க அத்தான்."

"மச்சான் நீட்டுற பேப்பரைப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுறதா? நல்லா இருக்கே கதை!"

சிரித்துக்கொண்டே என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன் கிளம்ப வேண்டும். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் பிளாட் புஷ்ஷுக்குப் போனேன். அங்கே வீட்டுச் சமையலறை பாதி வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்கு, இரண்டு பேருக்கு, ஒரு மூட்டை அரிசி. இட்லி மாவு இரண்டு வாளி, குக்கர், தோசைக்கல், ஒரு பெட்டி தேங்காய், வழியில் எதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்று உருளைக்கிழங்கு ஒரு சாக்கு. தண்ணீர்த் தொட்டியும் விளிம்பு வரை. வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு நாற்காலியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். நம் ஆட்கள் ஊர் சுற்றப் போனாலும் குடித்தனத்தைத் தூக்கிக்கொண்டுதான் போவோம். வண்டியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அமுங்கியிருந்தது.

அக்கா சூடம் காட்டினாள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்போது அத்தான் "உள்ளே இருக்கிறதை விட்டுட்டோமே" என்று சொல்லி இன்னும் இரண்டு பழம் கேட்டார். புதுப் பேன்ட்டோடு தரையில் படுத்து, கையை நீட்டி, உள்பக்கத்து இரண்டு டயருக்கு அடியிலும் பழத்தைத் தள்ளி வைத்தார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அத்தான், அந்த உள் டயர்..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா திரும்பி என்னை முறைத்தாள். "கிளம்புற நேரத்துல வாயை வைக்காதடா. எதுவா இருந்தாலும் வந்து பேசிக்கலாம்."

கிளம்புகிறவர்களிடம் நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும், எங்கே போகிறீர்கள் என்று கூடக் கேட்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். சக்கரம் வெடிக்கும் என்று அந்த இடத்தில் நான் எப்படிச் சொல்வேன்? இப்படித்தான் அன்றைக்கு என்னை நியாயப்படுத்திக்கொண்டேன். சத்தமாகச் சொல்லியிருந்தால் அக்கா திட்டியிருப்பாள், பயணம் நின்றிருக்கும், ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதான் ஆகியிருக்கும். "போயிட்டு வாங்க" என்றேன். ஆறு பழமும் நசுங்க வண்டி கிளம்பியது.

மூன்று நாளும் அக்கா போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஏரி, வாத்து, மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அவள், தோசை சுடும் அத்தான். நான் ஒவ்வொன்றிலும் வண்டியின் பின்சக்கரம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். வெளி டயர் மட்டும் தெரிந்தது, புதிதாக, அழகாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் "கிளம்பிட்டோம், ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடு" என்று செய்தி வந்தது. இனி ஒன்றுமில்லை, பாதி தூரம் வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நான் குளித்துச் சட்டை மாற்றினேன்.

ஆக்லாந்துக்குத் தெற்கே பாம்பே மலை என்று ஒன்று உண்டு, அதன் இறக்கத்தில் ஆனது. வீட்டுக்கு அரைமணி நேரத் தூரம் கூட இல்லை. இடதுபுறத்து உள் டயர் வெடித்து, அது உரிந்து அடித்ததில் பக்கத்து டயரும் போய், வண்டி ஓரத்து மண்மேட்டில் மோதி இடதுபக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கம்தான் அக்கா உட்கார்ந்திருந்தாள். அத்தானுக்கு நெற்றியில் ஒரு கீறல். அக்காவுக்கு இடுப்பும் முழங்காலும் நொறுங்கிப்போயின. பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளால் வார்டில் ஒரு நாள் கூட நிற்க முடியவில்லை, அந்த வேலை அதோடு முடிந்தது.

நான்கைந்து நாள் கழித்து இன்ஷூரன்ஸிலிருந்து ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். கடையிலிருந்து வாங்கிய வேலைத்தாளின் நகல் அவர் கையில் இருந்தது. நான் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இது உங்கள் கையெழுத்துதானா, இதில் உள்ளபடி கடையில் உங்களிடம் சொன்னார்களா என்று அவர் கேட்டார். அத்தான் அப்போதுதான் அந்தத் தாளை முதன்முதலாகப் படித்தார். அவசரப்படாமல், கடைசி வரி வரை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"சொன்னார். நான்தான் கேட்கவில்லை" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

அந்த மனிதர் போன பிறகு வராந்தாவில் நான் அழ ஆரம்பித்தேன். அத்தான் அழாதே என்று சொல்லவில்லை.

"சொல்லலைன்னு நான் சொன்னா கடையில உன்னை வெச்சுப்பாங்களா? உன் விசா என்னாகும்?" என்றார். பிறகு, "அக்காகிட்ட நீ ஒண்ணும் பேசாதே. அவளுக்கு உன்னை விட்டா இங்க யாரு இருக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவர் உயிரோடு இருந்தார். அந்த ஐந்து வருஷமும் அக்கா அவரை விடவில்லை. நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும், படி ஏறும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்காட்டுவாள். "டயர் கடைக்காரனே தம்பி. அவன் வேண்டாம்னு எழுதியே குடுத்திருக்கான். கேட்டாரா மனுஷன்?" விருந்தாளிகள் முன்னால் சொல்வாள். அத்தான் தலையை ஆட்டி, ஆமாம் என்பார். எனக்கு விசா வந்தது, பிறகு குடியுரிமையும் வந்தது. யாரும் என் வேலையைப் பிடுங்க முடியாத நிலைமை எப்போதோ வந்துவிட்டது. இந்த வாரம் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் அத்தான் என்று இரண்டு முறை அவரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார். நானும் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். போன வருஷம் மாரடைப்பு வந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

போன வாரம் முதல் திதி. பிளாட் புஷ் வீட்டில் ஐயர் வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, இலை போட்டுச் சாப்பிட்டோம். அக்கா ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் பாயசக் கரண்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். அத்தானின் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்பவள் போலக் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"நான் அவரை ரொம்பப் பேசிட்டேன்டா. அன்னிக்கு நீ நிஜமாவே அவர்கிட்ட வாயைத் திறந்து சொன்னியா, இல்ல எழுதினதோட சரியா?"

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னேன்க்கா" என்றேன்.