ஒரு பாய் கூடுதலாக

எண்பதுகளின் தொடக்கத்தில், பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுனில், மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் சயின்ஸ் டீச்சராக இருந்தேன். டவுன் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு போஸ்டாபீஸ், ஒரு டூரிங் டாக்கீஸ், சுற்றிலும் பருத்தியும் நிலக்கடலையும். என் கணவருக்கு மதுரையில் வேலை, வீடு திருநகரில். சனி, ஞாயிறு மட்டும் நான் குடும்பப் பெண். மற்ற நாட்களில் பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு வாடகை அறையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, மதுரைக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அப்போது எங்கள் பள்ளியில் இங்கிலீஷுக்கு ஆள் கிடையாது. வருகிற டீச்சர்கள் எல்லாம் என்னைப் போலத்தான், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே மாற்றலுக்கு எழுதிவிடுவார்கள். கடைசியாக இருந்தவரும் போன பிறகு இங்கிலீஷ் வகுப்பும் என் தலையில் விழுந்தது. தவளையின் இதயத்தைப் படம் போட்டு விளக்கச் சொன்னால் விளக்குவேன். இங்கிலீஷ் பாட்டை என்ன செய்வது? நானும் பிள்ளைகளும் சேர்ந்து மனப்பாடம் செய்தோம். அந்த ஒரு பாடத்தில் மட்டும் ஃபெயிலாகி, படிப்பை விட்டுவிட்டுக் கடலை பறிக்கப் போன பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் காட்டிலிருந்து கையை ஆட்டுவார்கள். 

அந்த நேரத்தில்தான் திருச்சபை மூலமாக இங்கிலாந்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இரண்டு வருஷம் இருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. மதுரையில் ஒரு பெரிய பள்ளியும் அவரைக் கேட்டது, நாங்களும் கேட்டோம். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு மாதம் இருந்து பார்த்துவிட்டு அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். முதலில் மதுரை, பிறகு நாங்கள். அவர் வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இந்தப் பிள்ளைய எப்படியாவது இங்க நிப்பாட்டிரணும். அது உம் பொறுப்பு" என்றார். மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறவளைப் பிடித்து, இந்த ஊரின் பெருமையைப் பேசச் சொன்னால் எப்படி இருக்கும்? சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், வெயிலில் சிவந்துபோகிற தோல். புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்திருந்தார். "நான் சிற்றுண்டி அருந்திவிட்டேன்" என்று அவர் சொன்னதும் எங்கள் பியூன் அண்ணன் கைகட்டி நின்றுவிட்டார். என் அறைக்கு எதிரே காலியாக இருந்த ஓட்டு வீட்டை அவருக்குக் கொடுத்தோம். வகுப்பில் அவர் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் இருந்தால் எங்கள் பிள்ளைகள் கரையேறிவிடுவார்கள் என்று. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையே தூக்காத பெண்கள் கூட எழுந்து நின்று, தப்பும் தவறுமாக எதையாவது பேசிவிட்டு, வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள்.

தெருவுக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. பிடித்துப்போனால் எங்கள் தெரு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு வீட்டுப் பணியாரம், இன்னொரு வீட்டுக் கம்மங்கூழ். தங்கச்சி எத்தனை, ஏன் கழுத்தில் சங்கிலி இல்லை, இம்புட்டு தூரம் அனுப்ப அப்பாவுக்கு எப்படி மனசு வந்தது என்று வருகிற எல்லோரும் கேட்டார்கள். அவர் நோட்டுத் திருத்தும்போது சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டார் என்று, பக்கத்து வீட்டு அக்கா வெளியே நின்று, "என்ன டீச்சர், மயக்கம் கியக்கம் வருதா?" என்று கதவைத் தட்டிவிட்டார்.

இருட்டினால் இன்னொன்று. தெருப் பெண்களில் ஒருத்தி பாயும் தலையணையுமாக அவர் வீட்டுக்கு வந்துவிடுவாள். வாசல் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்துக்கொள்வாள். விடிந்ததும் சுருட்டிக்கொண்டு போவாள். இன்றைக்கு ஒருத்தி என்றால் நாளைக்கு வேறொருத்தி. நான் அந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கும் இப்படித்தான் வந்தார்கள். எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. அதனால் அவருக்கு விளக்கவும் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம், பள்ளிக்கு நடந்து போகும்போது ஒரு மரத்தடியில் அவர் சட்டென்று நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. "நான் என்ன தவறு செய்தேன்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. என்னைக் காவல் காக்கச் சொன்னது யார், தலைமையாசிரியையா, சபையா என்றார். ராத்திரி வெளியே போய்விடுவேன் என்று சந்தேகப்படுகிறீர்களா, அதற்காகத்தான் வாசலை அடைத்துப் படுக்கிறார்களா என்று கேட்கும்போது அவர் கண் கலங்கிவிட்டது. மதுரையில் எனக்கு ஓர் அறை இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தத்தைக் கேட்டபடி தனியாக நடந்து போவேன், ஒரு தடவை பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள் என்றார். என்னை நம்பாத ஊரில் எப்படி இருப்பது, மதுரைக்கே போகிறேன் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றும் சொன்னார்.

எனக்குக் கடலைக் காட்டிலிருந்து கையாட்டும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, போதாததற்குத் தமிழையும் சேர்த்து, அந்த மரத்தடியிலேயே அவருக்கு விளக்கினேன். யாரும் உங்களைக் காவல் காக்கச் சொல்லவில்லை. ஒரு பெண்ணைத் தனியாகப் படுக்க விட்டால் இங்கே அது தெருவுக்கே கேவலம். கணவன் வெளியூர் போயிருந்தாலும், பிள்ளைகள் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி துணைக்குப் படுக்க வருவாள். கூலியும் இல்லை, கேட்க வேண்டியதும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வருவதற்கு இவர்கள் தங்களுக்குள் முறை போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு சண்டையும் நடந்தது என்றேன். வாசலை அடைத்துப் படுப்பது நீங்கள் வெளியே போகாமல் இருக்க இல்லை, வேறு எதுவும் உள்ளே வராமல் இருக்க என்றேன்.

 இவ்வளவு நல்ல ஊர் என்றால் நீங்கள் ஏன் மாற்றல் கேட்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எதுதான் ரகசியம்?

பொய் சொல்ல மனசு வரவில்லை. ஊர் பிடிக்காமல் இல்லை, வாரத்தில் இரண்டு நாள்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அதற்காகத்தான் என்றேன். மாற்றல் வந்தால் கண்டிப்பாகப் போய்விடுவேன் என்றும் சொன்னேன். இத்தனை நாள் ஊரின் பெருமையை அளந்தபோதெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டியவர், அன்றைக்குத்தான் நான் சொன்னதை நம்பியதுபோல் பார்த்தார். துணை வருவது சரி, ஆனால் நாளில் கொஞ்ச நேரமாவது தனியாக இருக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று மெதுவாகச் சொன்னார்.

இதை எப்படித் தெருவுக்குச் சொல்வது? அன்று மாலை பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "நாங்க என்ன டீச்சர் தொந்தரவு பண்ணோம்? தாயி தகப்பனை விட்டு வந்த பிள்ளை, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கேன்னுதான அம்புட்டுப் பேரும் போய் உக்காருறோம்" என்றார். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அவங்க ஊர்ல தனியா இருக்கிறது குளிக்கிற மாதிரிக்கா, தினம் ஒரு தடவை இல்லாட்டி உடம்புக்கு ஆகாது என்றேன். அக்கா யோசித்தார். குளிக்கிற மாதிரி என்றால் அவருக்குப் புரிந்தது. பள்ளி விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் டீச்சர் வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போகக்கூடாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மறுநாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். மாலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். நான் என் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா, அவர் நாத்தனார், இன்னும் நாலைந்து பெண்கள், முறத்தில் நிலக்கடலையை அள்ளிக்கொண்டு வந்து டீச்சர் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை. கடலையைக் கூட மெதுவாக உடைத்தார்கள். கோலமாவு விற்கிறவன் கூவிக்கொண்டு வந்தான், வாயில் விரலை வைத்து அவனைத் திருப்பினார்கள். சர்ச் ஊழியர் ஏதோ ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட வந்தார், "டீச்சர் தனியா இருக்காங்க, பெறகு வாங்கண்ணே" என்று அவரையும் அனுப்பினார்கள். ஓர் ஆடு வந்து கத்தியது. அதை மட்டும் கொஞ்சம் அதட்டினார்கள்.

கதவு திறந்தது. அவர் வாசலில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். அக்கா பதறி எழுந்தார்.

"உள்ள போங்க டீச்சர். இன்னும் நேரம் இருக்கு. ஒருத்தரும் வராம நாங்க பாத்துக்கிறோம்."

அவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அடக்க முடியாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் அவர் வந்து அவர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முறத்தை இழுத்து வைத்துக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் தலைமையாசிரியையிடம் போய், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஜூனில் எனக்கு மாற்றல் வந்தது. சொன்னபடியே போனேன். கடல் தாண்டி வந்தவர் சின்ன ஊரில் தங்கிவிட, பஸ்ஸில் வாராவாரம் வந்துபோன நான்தான் மதுரைக்கு மூட்டை கட்டினேன். பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப வந்த கூட்டத்தில் அவரும் ஒருவராக நின்று, எல்லோரையும் போலவே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

திருநகர் நல்ல இடம்தான். நேர்நேரான தெருக்கள், வீட்டுக்கு வீடு காம்பவுண்டுச் சுவர், குழாயில் தண்ணீர். ஆனால் அங்கே யாரும் குளியலறைக் கதவைத் தட்டுவதில்லை. நான் மாசமாக இருந்தபோது என் கணவரை டிரெயினிங் என்று சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. பகல் பள்ளியில் போய்விடும். சாயங்காலம் வீட்டைத் திறந்தால் ஹால் விளக்கைப் போடக் கூடப் பயமாக இருக்கும். பக்கத்து வீட்டில் சொல்லலாம். என்னவென்று சொல்வது, துணைக்குப் படுக்க வாங்க என்றா? கேட்க வெட்கமாக இருந்தது.

எங்கள் பழைய ஊரிலிருந்து மதுரைக்கு வருகிற பஸ் திருநகர் வழியாகத்தான் போகும். ஒரு நாள் காலை ஸ்டாப்பில் நின்றபோது, அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு நலம் விசாரித்தார். சார் எங்கே என்றார். சென்னையில் என்றேன். பஸ் கிளம்பிவிட்டது. பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் கேட்டில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இங்கிலீஷ் டீச்சர் நிற்கிறார். கசங்கிய நூல் சேலை, ஒரு கக்கத்தில் சுருட்டிய பாய், இன்னொரு கக்கத்தில் தலையணை, கையில் பை நிறையக் கடலை. அப்படியே பஸ்ஸில் வந்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரப் பெண் பாயும் தலையணையுமாகப் போவதைத் திருநகரே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன திடீரென்று என்று நான் கேட்டேன்.

"துணைக்குப் படுக்க வந்தேன் டீச்சர். அண்ணன் வந்து சொன்னாரு, தெருவுல எல்லாரும் பேசி முடிவு பண்ணோம்" என்றார், அச்சு அசலாக எங்கள் தெருத் தமிழில். "இன்னிக்கு என் முறை."

அவரைக் கட்டிக்கொண்டு நான் அழுததைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும், எங்கிட்டச் சொல்லக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார். அன்று ராத்திரி என் வீட்டு வாசலுக்குக் குறுக்கே இரண்டு பாய்கள் கிடந்தன. பக்கத்து வீட்டம்மா என் அம்மா வரும் வரைக்கும் வந்தார்.

அப்போது வயிற்றில் இருந்த என் மகள் இன்று கடல் தாண்டி ஒரு நாட்டுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறாள். போன மாதம் போனில் கேட்டாள், பெரிய நகரத்திலும் வேலை இருக்கிறது, சின்ன ஊரிலும் இருக்கிறது, எதற்கும்மா போகட்டும் என்று. எதற்கு வேணும்னாலும் போ, ஆனா போனதும் பாய் ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சுக்க என்றேன். தான் ஒன்று கேட்டால் அம்மா ஒன்று சொல்கிறாள் என்று அவள் சிரித்தாள். இரண்டு ஊரிலும் வாழ்ந்து பார்த்தவள் நான், இன்றுவரை எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.